அடைப்பு நீங்கிய பிறகும் காயமா?

கேள்வி: என் வாப்பாவுக்கு 72 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் திரும்பப் பாய்வதே இதயத்தைக் காயப்படுத்துமாமே?
- வாசகி, மேலப்பாளையம்

பதில்: உண்மைதான், மகளே. பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் திடீரெனப் புகும்போது செல்லில் கால்சியம் குவிகிறது; செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடைந்து, பிழைத்திருக்க வேண்டிய செல்களும் சாகின்றன. வயதான இதயத்தில் மைட்டோகாண்ட்ரியா முன்பே தளர்ந்திருப்பதால் காயம் கூடலாம். இந்தக் காயத்தைத் தடுக்கும் என நம்பிய சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, 2015இல் வெளியான பெரிய ஆய்வில் கைகொடுக்கவில்லை. ஆனாலும் அடைப்பை அப்படியே விடுவது இதைவிடப் பன்மடங்கு ஆபத்து. சீக்கிரம் திறந்தால் சேதம் குறையும். இனி நெஞ்சு வலித்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தர 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டம் இருக்கிறது. வாப்பாவின் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நடைப்பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.