வாசலுக்கு வரும் பக்கீரும் வழிநடந்த வலிமார்களும்

புனித ரமலானின் பின்னிரவு. தென்னந்தோப்புகள் சூழ்ந்த நம் பேராவூரணித் தெருக்களில் தாயிராவின் ஓசை எழுகிறது. தோளில் ஜோல்னாப் பையும் தலையில் பச்சைத் தலைப்பாகையுமாக ஒரு பக்கீர், நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடிக்கொண்டே வீடு வீடாக ஸஹருக்கு எழுப்பிச் செல்கிறார். முப்பது இரவுகள் இப்படி நடந்தவர் பெருநாள் காலையில் வாசல்களில் வந்து நிற்கிறார்.

ஒரு வீட்டு வாசலில் நடந்தது இது. கல்லூரியில் படிக்கும் பேரன் வெளியே வந்தான். “கை கால் நன்றாகத்தானே இருக்கிறது பாவா? உழைத்துச் சாப்பிடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டான். பக்கீர் ஒன்றும் பேசவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மரக்காலில் அரிசியோடு உள்ளேயிருந்து வந்த நன்னி, “அவுலியாக்கள் வந்த கோலமடா அது! வாசலுக்கு வந்தவரை இப்படி அனுப்பலாமா?” என்று கண்கலங்கினார். அன்று மாலையே இருவரும் தங்கள் வழக்கை இந்த எளியேனிடம் கொண்டுவந்தார்கள்.

“இஸ்லாத்தில் துறவறம் இல்லையே, ஹஜரத்! பிச்சை எடுப்பதும் கூடாதே!” என்பது பேரனின் வாதம். “அப்படியானால் நாகூர் நாயகம் அவர்கள் யார்? குணங்குடியப்பா யார்?” என்பது நன்னியின் வாதம். அன்பர்களே! இது ஒரு வீட்டின் வழக்கு மட்டுமன்று. இன்று பல வீடுகளில் இந்த வழக்கு நடக்கிறது. எனவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பக்கீர் என்பவர் யார்?

பக்கீர் என்ற அரபுச் சொல்லுக்குத் தேவையுடையவர், ஏழை என்பது பொருள். மனிதர்கள் அனைவருமே அல்லாஹ்வின்பால் தேவையுடையவர்கள் என்றும், அவன் ஒருவனே தேவையற்றவன் என்றும் திருக்குர்ஆன் (35:15) அறிவிக்கிறது. ஆக, மாடிவீட்டுச் சீமானும் பக்கீர்தான், மன்னனும் பக்கீர்தான். ஆனால் அவர்கள் அதை மறந்திருக்கிறார்கள். அந்த உண்மையை ஒரு கணமும் மறவாமல் வாழ்வதையே தம் பாதையாக மேற்கொண்டவரை ஸூபியாக்கள் பக்கீர் என்று அழைத்தனர். கையில் ஒன்றும் இல்லாதவனெல்லாம் பக்கீர் அல்லன். தனது என்று உள்ளத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவனே பக்கீர்.

இஸ்லாத்தில் துறவு உண்டா?

நாயகத்தின் வணக்கங்களைப் பற்றிக் கேட்டறிந்த மூவரில் ஒருவர், இனி இரவெல்லாம் தொழுவேன் என்றார். இன்னொருவர், காலமெல்லாம் நோன்பிருப்பேன் என்றார். மற்றவர், மணமே முடிக்க மாட்டேன் என்றார். இதைக் கேட்ட அண்ணல் (ஸல்) அவர்கள், தாம் நோன்பும் வைப்பதாகவும் விடுவதாகவும், தொழுவதாகவும் உறங்குவதாகவும், மணமும் செய்வதாகவும் கூறி, தம் வழியைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. துறவு மடங்களை மனிதர்கள் தாமாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று திருமறையும் (57:27) கூறுகிறது. இந்த அளவில் பேரன் சொன்னது சரியே.

அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்து, இவ்வுலகில் ஓர் அந்நியனைப் போல, அல்லது வழிப்போக்கனைப் போல வாழும்படி உபதேசித்தார்கள். அவர்களது பள்ளியின் திண்ணையில், வீடும் வாசலும் இன்றி, மார்க்கம் கற்பதே வேலையாகத் திண்ணைத் தோழர்கள் வாழ்ந்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் தம்மை அர்ப்பணித்து, தொழில் தேடிச் செல்ல இயலாத ஏழைகளைத் திருக்குர்ஆன் (2:273) சிறப்பித்துப் பேசுகிறது. அவர்கள் வருந்திக் கேட்கமாட்டார்கள் என்றும், அவர்களை அறியாதவர் செல்வர்கள் என்றே எண்ணிக்கொள்வர் என்றும் சொல்கிறது.

ஆகவே உலகத்தை விட்டு ஓடுவது இஸ்லாமியத் துறவு ஆகாது. உலகத்தை உள்ளத்திலிருந்து இறக்கி வைப்பதே இஸ்லாமியத் துறவு. இதற்கு ‘ஜுஹ்து’ என்று பெயர். ஊர் ஊராகச் சுற்றுவது அதற்குரிய பல பயிற்சிகளில் ஒன்று. அது எல்லாருக்கும் உரியதன்று, எக்காலத்துக்கும் உரியதன்று.

நடந்து காட்டியவர்கள்

இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் சரிதையை நாம் அறிவோம். பல்கின் அரச வாழ்வைத் துறந்து ஷாம் நாட்டில் அலைந்தார்கள். அலைந்தார்களே தவிரக் கையேந்தவில்லை. அறுவடைக் கூலியாகவும் தோட்டக் காவலராகவும் உழைத்தே உண்டார்கள். தோட்டக்காரர் இனிப்பான மாதுளை கொண்டுவரச் சொன்னபோது அவர்கள் கொண்டுவந்த பழம் புளித்ததாம். “இத்தனை நாள் இங்கிருந்தும் எந்த மரத்துப் பழம் இனிக்கும் என்று தெரியாதா?” என்று கேட்டாராம் தோட்டக்காரர். “காவல் காக்கத்தானே வைத்தீர்கள், தின்னவா வைத்தீர்கள்?” என்பது அவர்களது பதில். தோப்பும் துரவுமாக வாழும் நம் பகுதி மக்களுக்கு இதைவிட நன்றாகப் பேணுதலை எப்படி விளக்குவது!

கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரலி) அவர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் இராக்கின் பாலைவெளிகளில் தனித்துத் திரிந்ததாக வரலாறு கூறுகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. பக்தாதுக்குத் திரும்பி, மதரஸாவில் பாடம் நடத்தி, மக்களுக்கு உபதேசம் செய்து, குடும்பத்தோடு வாழ்ந்து ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166) மறைந்தார்கள். காட்டில் தேடியதை நாட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நம் தமிழகத்துக்கு வருவோம். திருச்சியில் அடங்கியிருக்கும் நத்ஹர் வலி (ரஹ்) அவர்கள் அரச வாழ்வைத் துறந்து, தொள்ளாயிரம் கலந்தர்களோடு வந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆர்க்காட்டு நவாப் முஹம்மதலி வாலாஜா அந்த நகரையே நத்ஹர் நகர் என்று அழைத்தார். 1795இல் சென்னையில் இறந்த அவரது உடலும் பின்னர் அங்கேயே அடக்கப்பட்டது. நாடாண்ட நவாப் தமக்கு இடம் கேட்டது, நாட்டைத் துறந்தவரின் காலடியில்!

நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் ஞானக்கல்வி பெற்று, 404 பக்கீர்களுடன் பல நாடுகளையும் சுற்றிவந்து, 16ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையை அடைந்தார்கள். தஞ்சை அச்சுதப்ப நாயக்க மன்னரின் நோய் அவர்களது துஆவினால் நீங்கியது என்ற செய்தி சாதி சமய வேறுபாடின்றி இன்றும் சொல்லப்படுகிறது. தர்காவின் உயர்ந்த மனாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். ஜமாதுல் ஆகிர் மாதக் கந்தூரியில் பக்கீர்கள் கூடுவதும், அவர்களில் ஒருவர் பீர் மண்டபத்தில் நோன்பிருந்து அமர்வதும் அந்த 404 பேரின் நினைவைச் சுமந்தே நடந்துவருகின்றன.

தொண்டியில் புறப்பட்டு, மீமிசல், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நாகூர் நோக்கிச் செல்லும் கடற்கரைப் பாதை பக்கீர்களுக்குப் பழக்கமான பாதை. அதன் தென்கோடியில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்தவர்கள்தாம் சுல்தான் அப்துல் காதிர் என்ற குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள். கீழக்கரையில் தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார்கள். திருச்சியில் காதிரிய்யா தரீக்காவில் பைஅத் பெற்றார்கள். அதன் பிறகே காடும் மலையும் திரிந்தார்கள். இறுதியில் சென்னை வந்து 1838இல் மறைந்தார்கள். சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் புலவர்களும் அவர்கள்மீது நூல் பாடினார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கல்வி, பிறகு குரு, அதன் பின்னரே திரிதல். இதைத் தலைகீழாக்கியவர் எவரும் கரைசேரவில்லை.

பயணத்தின் ஒழுங்குகள்

ஸூபியாக்களின் பயணத்துக்கும் சட்டம் இருந்தது. லாகூரில் அடங்கியுள்ள அலீ ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கஷ்புல் மஹ்ஜூப்’ என்ற நூலில் இதற்கென்றே தனிப்பகுதி உண்டு. வழிநடக்கும் பக்கீரிடம் இருக்க வேண்டியவை ஒட்டுப்போட்ட அங்கி, தொழுகை விரிப்பு, நீர்ப்பாத்திரம், கயிறு, காலணி, கைத்தடி ஆகியவை. இவற்றைச் சற்றே சிந்தியுங்கள். அங்கி மானத்தை மறைக்க, விரிப்பு தொழுவதற்கு, பாத்திரமும் கயிறும் கிணற்றில் நீர் இறைத்து ஒளூச் செய்ய. அந்தச் சிறு மூட்டையில் பெரும்பகுதி தொழுகைக்கானதே! தொழாமல் திரிபவருக்கு அந்த மூட்டையால் என்ன பயன்?

ஊரில் தங்கியிருப்பவருக்கும் அந்நூல் ஒழுங்கு கற்பிக்கிறது. வந்த விருந்தாளியை மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், பெயரென்ன என்று துருவக் கூடாது. அவர் அல்லாஹ்விடமிருந்து வந்தவர், அவனிடமே போகிறவர், அவனுடைய அடிமை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஆக, நடப்பவருக்கு ஒரு தேர்வு என்றால் வாசலில் நிற்பவருக்கும் ஒரு தேர்வு உண்டு.

கரையை உடைத்த வெள்ளம்

இந்தப் பாதையில் தவறியவர்களும் உண்டு. அதை மறைப்பது மார்க்கத்துக்குத் துரோகமாகும். தலை, தாடி, மீசை, புருவம் எல்லாவற்றையும் மழித்துக்கொண்டு திரிந்த கலந்தர்களில் சிலர், எங்கள் உள்ளம் தூய்மையாகிவிட்டது, ஷரீஅத் பாமரருக்கே உரியது என்று கூறத் துணிந்தார்கள். அவர்களை முதலில் கண்டித்தவர்கள் ஸூபியாக்களே. ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தீ (ரஹ்) அவர்கள் ‘அவாரிபுல் மஆரிப்’ என்ற நூலில் இத்தகைய கூற்று வழிகேடு என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1234இல். ஷரீஅத்தைப் பேணுபவரை ‘பா ஷரா’ என்றும், பேணாதவரை ‘பே ஷரா’ என்றும் நம் நாட்டில் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

இறைக்காதலில் தன்னினைவு இழந்த மஜ்தூபின் நிலை வேறு. அவர் மன்னிக்கப்படலாம், ஆனால் பின்பற்றப்படக் கூடியவரல்லர். நாம் அவரை இகழவும் வேண்டாம், அவர் செய்வதைச் செய்யவும் வேண்டாம்.

நம் ஊர் விவசாயி இதை எளிதில் புரிந்துகொள்வார். 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி நம்முடையது. தண்ணீர் எத்தனையோ மதகுகளைக் கடந்து நடந்துவந்து நம் வயலைச் சேர வேண்டும். தேங்கி நின்றால் வராது, நடக்க வேண்டும். ஆனால் கரைக்குள் நடக்க வேண்டும். கரை உடைந்தால் உடைத்த இடத்தில் பயிர் அழியும், கடைமடையில் பயிர் காயும். தரீகத் என்பது அந்த நீரோட்டம். ஷரீஅத் என்பது கரை. நீரில்லாத கரையால் விளைச்சல் இல்லை. கரையில்லாத நீரால் அழிவுதான் உண்டு.

வாசலில் நாம் செய்ய வேண்டியது

இனி வழக்குக்கு வருவோம். இன்று நம் வாசலுக்கு வருபவர்களில் பலர் ரிஃபாயி, ஜலாலி, மலங், பானவா என்று ஏதேனும் ஒரு பக்கீர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மனைவி மக்களோடு வறுமையில் வாழ்பவர்கள். அவர்கள் அனைவரும் அவுலியாக்கள் என்று நன்னி எண்ணினால் அது மிகை. கோலம் விலாயத்துக்குச் சான்று ஆகாது. தாயத்து, தகடு என்று அச்சுறுத்திப் பணம் பறிப்பவரை, எந்தத் தலைப்பாகை அணிந்திருந்தாலும், நம்பக் கூடாது.

ஆனால் அவர்கள் எல்லாரும் வெறும் பிச்சைக்காரர்கள் என்று பேரன் எண்ணினால் அதுவும் அநீதி. எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோருக்கு நபிமார்களின் சரிதைகளையும் நூறு மசலாவையும் கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் வாசல்தோறும் பாடிக் காதில் போட்டவர்கள் இவர்களது முன்னோரே. மேலும், முப்பது இரவுகள் நம்மை ஸஹருக்கு எழுப்பியது உழைப்பு இல்லையா? உறங்கியது நாம், நடந்தது அவர். வேலை வாங்கியவன் கூலி கேட்டவனைப் பிச்சைக்காரன் என்பது எந்த நியாயம்?

யாசிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது உண்மையே. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றார்கள். ஒன்றில் வீட்டாருக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹத்தோடு வந்தார் (அபூதாவூத்). பேரனும் இந்த ஹதீஸைத்தான் என்னிடம் எடுத்துக் காட்டினான். “தம்பி! அண்ணலார் ‘உழைத்துச் சாப்பிடு’ என்று சொல்லி மட்டும் அனுப்பினார்களா? கோடரியும் வாங்கச் செய்து, காம்பும் பூட்டிக் கொடுத்தார்களே! நீ என்ன கொடுத்தாய்?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். கேட்டு வருபவரை விரட்டாதீர் என்பது திருமறையின் கட்டளை (93:10). கொடுக்க இல்லையென்றால் இனிய சொல் கூடவா இல்லை?

எனவே சகோதரர்களே! வாசலுக்கு வருபவருக்கு ஸலாம் சொல்லுங்கள். இயன்றதைக் கொடுங்கள். தொழுகை நேரமானால் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருடைய பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்ய ஜமாஅத்தார் கூடி ஆலோசியுங்கள். அதுவே இன்று நாம் பூட்டிக் கொடுக்கக்கூடிய காம்பு.

மறுநாள் அந்தப் பேரன் பெருநாள் பணத்தை எடுத்துக்கொண்டு பக்கீரைத் தேடிப் போனான். அவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார். நன்னி அந்தப் பணத்தை ஒரு துணியில் முடிந்து அலமாரியில் வைத்திருக்கிறார். அடுத்த ரமலானில் அவர் வருவார் என்பது அவர்களது நம்பிக்கை. வழிப்போக்கர் திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். நாமும் வழிப்போக்கர்கள்தாமே!

உலகில் வழிப்போக்கராய் வாழ்ந்து, ஷரீஅத்தின் கரைக்குள் நடந்து, வாசலுக்கு வருபவரின் மனம் நோகாமல் வழியனுப்பும் நற்குணத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.