அரசாங்கக் கொள்முதலில் போலி நெட்வொர்க் கருவிகள்

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச், ரவுட்டர் முதலிய கருவிகளை அலுவலகத்தில் பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மூலையிலுள்ள இரும்பு அலமாரியில் அவை ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கின்றன. தபால் பிரிக்கும் நிலையத்தில் ஒவ்வொரு கடிதத்தின் முகவரியையும் பார்த்து உரிய பையில் இடுவதைப் போன்றதே இவற்றின் தொழில். நில ஆவணமாயினும் சம்பளப் பட்டியலாயினும் மாணவரின் மதிப்பெண்ணாயினும் இவற்றின் வழியாகவே செல்ல வேண்டும். ஆகவே, பிரிக்கும் கருவி மெய்யானதுதானா என்று அறிவது அவசியமாகிறது.

போலிக் கருவி என்றவுடன் எங்கோ ஒரு மறைவிடத்தில் புதிதாகச் செய்யப்பட்ட பொருள் என்று எண்ணத் தோன்றும். பல சமயங்களில் அவ்வாறன்று. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு மே மாதம் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு வழக்கை நோக்குக. சிஸ்கோ நிறுவனத்தின் பழைய, விலை குறைந்த கருவிகள், அவற்றுள் சில பிறரால் உபயோகித்துக் கழிக்கப்பட்டவை, சீனாவில் மாற்றியமைக்கப்பட்டன. தரமற்ற உதிரிப் பாகங்களும் களவாடிய மென்பொருளும் சேர்க்கப்பட்டன. புதிய முத்திரைச் சீட்டு ஒட்டி, புதிய பெட்டியில் இட்டு, விலை உயர்ந்த புது மாதிரி என அமெரிக்காவில் விற்கப்பட்டன. விற்றவர் 19 கம்பெனிகளின் பெயரால் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார். 2014 முதல் 2022 வரை சுங்க அதிகாரிகள் சுமார் 180 சரக்குகளைப் பறிமுதல் செய்தும் வியாபாரம் நிற்கவில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், இராணுவ விமானங்களுக்குத் துணைபுரியும் அமைப்புகள் ஆகிய யாவற்றிலும் இக்கருவிகள் காணப்பட்டன. அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இத்தகைய கருவியின் உள்ளே நிகழ்வது யாது? இதற்கு விடையளிக்கும் ஆராய்ச்சி ஒன்றை பின்லாந்து நாட்டு எஃப்-செக்யூர் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் சில சுவிட்சுகள் செயலற்றுப் போயின. அவை சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வரிசையின் போலிகள் என்பது பின்னரே தெரிந்தது. அதுவரை அவை மெய்யான கருவியைப் போலவே வேலை செய்துவந்தன!

மெய்யான சுவிட்ச் இயங்கத் தொடங்கும்போது ஒரு முறைமை உண்டு. கருவூலத்தில் மூடிய உறையின் அரக்கு முத்திரையைச் சரிபார்த்த பின்னரே அதிகாரி அதனைப் பிரிப்பார். அதுபோல, கருவியில் முதலில் எழும் சிறு நிரல், அடுத்து வரும் மென்பொருளில் தயாரிப்பாளரின் மின்கையொப்பம் உள்ளதா என்று பார்த்த பின்னரே அதற்கு இடந்தரும். ஆராயப்பட்ட போலிகளில் இந்தச் சோதனை ஏமாற்றப்பட்டிருந்தது. ஒன்றில், பலகையின்மீது கூடுதலான சிறு மின்சுற்று பற்றவைக்கப்பட்டு, சோதனை முடிந்த பின்னர் மென்பொருளை மாற்றிவிடும்படி செய்யப்பட்டிருந்தது.

ஒற்றறிவதற்கான இரகசிய வழி எதுவும் அவற்றில் காணப்படவில்லை. இச்செய்தியைப் படித்து நிம்மதி அடைவோர் உண்டு, அது தவறு. இலாபத்திற்காக முத்திரைச் சோதனையை உடைத்தவனுக்குப் பின்னால், தீய எண்ணமுடைய வேறொருவன் அதே வழியில் நுழையலாம். மேலும், செயலிழந்துவிடுமோ என்று மென்பொருளைப் புதுப்பிக்காமல் விடும் அலுவலகத்தில், யாவரும் அறிந்த பழைய குறைபாடுகள் அடைபடாமலே இருக்கும். ஒற்றனைப் பற்றிய அச்சத்தைவிட இதுவே அன்றாட அபாயம்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்பு உத்தரவின்படி, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் அமைப்பில் புதிதாக இணைக்கும் கருவிகள் நம்பத்தகுந்தவை என ஏற்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். ஆனால் மாவட்ட அலுவலகமோ பள்ளியோ தன் அறைக்கென வாங்கும் சுவிட்சுக்கு உண்மையான காவல், பொருளைப் பெற்றுக்கொள்பவரின் கண்ணே. டெண்டரில் மிகக் குறைந்த விலை கோரியவர் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்றவர்தானா என்பதைத் தயாரிப்பாளரிடமே கேட்க வேண்டும். விற்பவர் காட்டும் சான்றிதழின் நகல் போதாது. பெட்டியில் ஒரு வரிசை எண், கருவியின் முதுகில் வேறு எண் இருப்பின் ஏற்கலாகாது. இரண்டும் ஒத்திருப்பினும், கருவியை இயக்கினால் மென்பொருள் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டு, அது தயாரிப்பாளரின் பதிவில் உள்ளதா என விசாரித்தல் நலம். பில் தொகை வழங்கப்படுமுன் மென்பொருளை ஒருமுறை புதுப்பித்துப் பார்ப்பதும் பயன்தரும். அதில் தேறிவிட்டது என்பதனால் மட்டும் கருவி மெய்யென்று முடிவு செய்தல் கூடாது. மூடியைத் திறந்து பார்ப்பது நிபுணரின் வேலை.

ஐயத்திற்குரிய கருவியை அமைப்பிலிருந்து பிரித்து, பெட்டியுடனும் ரசீதுடனும் தனியே வைத்து மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவரிடமே திருப்பித் தந்தால் அது வேறோர் அலுவலகத்தைச் சென்றடையும். கழிவு ஏலத்தில் விடப்படும் மெய்யான பழைய கருவிகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் எண் சீட்டைக் கிழித்து, பலகை அழிக்கப்பட்டதென்று சான்று பெறாமல் வெளியே அனுப்புவோர், அடுத்த போலிக்கு வேண்டிய உடலைக் கொடுத்தவராகின்றனர்.