முதலில் எண்ணு, பிறகு பேசு

தம்பி,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. மரங்கொத்தி படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. "ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனைதானே அண்ணே, இங்கே இருந்துகொண்டு எதைக் காப்பாற்றுவது?" என்று கேட்டிருந்தாய். இயற்கை காக்கும் சங்கத்துக்குப் படம் எடுக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருந்தாய். எல்லாம் நடக்கும். அதற்கு முன்னால் எண்ணப் பழகு. பார்த்ததைத் தேதி போட்டு எழுதப் பழகு.

உங்கள் ஜொகூரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. குளுவாங் தாண்டி, கஹாங் தாண்டி, மண்சாலையில் குலுங்கிப் போனால் கம்போங் பெத்தா. அங்கிருந்து எண்டாவ் ரொம்பின் காடு. 1977இல் பகாங் பக்கத்தில் அந்தக் காட்டின் நடுப்பகுதியை வெட்ட உரிமம் கொடுத்தபோது நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது, வெட்டும் நின்றது. ஆனால் சத்தத்தால் மட்டும் ஒரு காடு நிலைக்காது. மலேசிய இயற்கைக் கழகம் 1985இல் ஆய்வாளர்களையும் தொண்டர்களையும் திரட்டிக்கொண்டு உள்ளே போனது. ஓராண்டு, ஆள் மாற்றி ஆள். வழிகாட்டியவர்கள் பெத்தாவின் பூர்வகுடிகளான ஜக்குன் மக்கள். செடி, மீன், தவளை, பறவை, பாறை என்று உள்ளே என்ன இருக்கிறது என்பது பட்டியலாக வெளியே வந்தது. ஜானிங் மேட்டில் நிற்கும் விசிறிப்பனைக்கு 1987இல் லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு முன் அறிவியல் ஏட்டில் அப்படி ஒரு பனையே கிடையாது. ஜொகூர் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக அரசிதழில் ஏறியது. 'அழகான காடு' என்று மனுப் போட்டால் ஓர் அதிகாரி கோப்பை மூடிவிடலாம். பெயரும் எண்ணும் கொண்ட பட்டியலை அவ்வளவு சுலபமாக மூட முடியாது.

அந்த இயற்கைக் கழகம் 1940இல் தொடங்கியது. அதன் ஆரம்பகால ஆட்களில் மேடாக் என்று ஒரு போலீஸ் அதிகாரி. ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் கிடந்தபடி மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகமே தயாரித்தார். போருக்குப் பின் அது அச்சேறியது. நேரமில்லை என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

கடல் பக்கம் வா. பூலாய் ஆற்று முகத்துவாரத்தில், மெராம்போங் திட்டில், கடல் நன்றாக வற்றும் நாளில் கடற்புல் தரை வெளியே தெரியும். கடற்குதிரை காப்போர் குழுவின் தொண்டர்கள் முழங்கால் நீரில் வரிசையாக நடப்பார்கள். ஒரு கடற்குதிரை அகப்பட்டால் நீளம் அளப்பார்கள். வயிற்றில் பை இருந்தால் ஆண், ஏனென்றால் குஞ்சு சுமப்பது அவன்தான். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப நீரில் விடுவார்கள். வேலை அவ்வளவுதான். முதுகு வலிக்கும், ஏடு நனையும். பக்கத்துத் தஞ்சோங் குப்பாங்கில் 2008இல் கெலாப் அலாமி என்ற இயற்கைக் குழு தொடங்கியது. மீனவர் பிள்ளைகளுக்குச் சொந்தக் கடலைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 2014இல் அந்தப் புல்தரையின் மேலேயே மணலைக் கொட்டிச் செயற்கைத் தீவு எழும்பத் தொடங்கியபோது, இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு கேட்கப்பட்டது, திட்டத்தின் பரப்பும் குறைந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். புல் இழந்தது இழந்ததுதான்.

கடல் ரெங்கத்துக்குத் தூரம் என்று நினைக்காதே. சிம்பாங் ரெங்கம் குழாயில் வருவது பெனுட் ஆற்றுத் தண்ணீர். அதே ஆறுதான் பொந்தியான் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. குப்பைமேட்டுக் கசிவு அந்த ஆற்றில் கலந்து, அமோனியா ஏறி, சுத்திகரிப்பு நிலையம் நின்று, சனங்கள் வாளியோடு லாரிக்குக் காத்திருந்த கதை உனக்கே தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதா இல்லையா என்ற கேள்விதான் அங்கே நிலையத்தை நிறுத்தியது. நாற்றம் அடிக்கிறது என்று ஊரே முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அதனால் எதுவும் நிற்கவில்லை.

நம் சனத்துக்குக் கணக்கு புதிதா என்ன? தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் பதிந்தோம், ரப்பர் பாலை நிறுத்து எழுதினோம், செம்பனைக் குலையை எண்ணினோம். தோட்ட ஆபீசில் மழைமானியைப் பார்த்து அன்றாடம் எழுதிய கிராணிகள் இருந்தார்கள். பழைய மழை ஏடு ஏதாவது பரணில் கிடக்கிறதா என்று பெரியவர்களிடம் விசாரி. கிடைத்தால் அது பொக்கிஷம்.

செம்பனைக்குள் தொடங்கு. எலிக்காகக் கம்பத்தில் கூகைப் பெட்டி வைத்திருக்கும் தோட்டம் ஒன்றைப் பிடி. மேனேஜரிடம் முறையாக அனுமதி கேள். பெட்டிக்குக் கீழே கறுப்பாய், கட்டைவிரல் தடிமனில் உருண்டைகள் கிடக்கும். அது எச்சமில்லை, கூகை செரிக்காமல் கக்கியது. கையுறை போட்டு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, குச்சியால் பிரி. முடிக்குள்ளிருந்து எலியின் தாடை எலும்பு வரும், மஞ்சள் முன்பல் அப்படியே இருக்கும். தாடைகளை எண்ணு, தேதி எழுது. எந்த மாதம் எலி விஷம் வைத்தார்கள் என்றும் கேட்டு எழுது. விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். இரண்டு வருடம் விடாமல் எழுதினால் அந்தத் தோட்டமே உன்னைக் கூப்பிட்டுப் பேசும்.

படம் எடுக்கும்போது கூட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியில் குரல் போட்டுப் பறவையை வரவழைக்காதே. அரிய ஆர்க்கிட் கண்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதே, திருட ஆள் வரும். அலையாத்திக் கன்று நடும் விழாவுக்குக் கூப்பிடுவார்கள். போ, சேற்றில் இறங்கு, படமும் எடு. ஆனால் அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று எண்ணு. அலை அடிக்கும் தவறான மட்டத்தில் நட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த எண்ணை ஏற்பாட்டாளரிடம் பணிவாகக் கொடு. முகம் சுளிப்பார். பரவாயில்லை.

அதிகாரிகளுக்கு எழுதும்போது மலாயில் எழுது, ஒரே பக்கம், எண்கள் மேலே. வீட்டில் தமிழில் சொல். அத்தைமார் செம்போத்து எங்கே கத்தும் என்று உன்னைவிட நன்றாக அறிவார்கள். சொன்னவர் பெயரையும் ஏட்டில் போடு.

முதல் மூன்று மாத ஏட்டைப் படியெடுத்து அனுப்பு. மெராம்போங்குக்குப் போகும் அடுத்த வாய்ப்பில் உன்னைச் சேர்த்துவிடச் சொல்கிறேன். பிடி நன்றாக உள்ள பழைய காலணி கொண்டு வா, சிலிப்பர் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்