வெளிநாட்டுப் பயணமும் அந்நியச் செலாவணியும்

மேற்படிப்புக்காக 1960களில் அமெரிக்கா சென்ற இந்திய மாணவர்கள், கையில் எட்டு டாலருடன் விமானம் ஏறியதை இன்றும் நினைவுகூர்வதுண்டு. இன்றோ, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இன்று பயணம் மேற்கொள்வோர் அறிந்திருக்க வேண்டிய விதிகள் யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டுப்பாடு ஏன் வந்தது?

பெட்ரோலியம், உரம், இயந்திரங்கள் போன்ற இறக்குமதிகளுக்குப் பெரும்பாலும் உலகம் ஏற்கும் நாணயத்திலேயே விலை கொடுக்க வேண்டியுள்ளது. அந்த நாணயம் ஏற்றுமதியாலும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தாலும், முதலீட்டாலும், கடனாலுமே கிடைக்கிறது. வரவு குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருந்த காலத்தில், அரசு அதனைப் பங்கிட்டு வழங்க நேர்ந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் கடுமையான 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும் இத்தேவையிலிருந்து பிறந்தவையே.

1991இல் நமது செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கியது. ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டில் அடகு வைக்க நேர்ந்தது. அதன் பின்னர் வந்த சீர்திருத்தங்களில், 1993இல் ரூபாயின் மாற்று விகிதம் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கு இனங்களில் ரூபாய் மாற்றத்தக்கதாயிற்று. 1999இல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்னைய சட்டம் மீறலைக் குற்றமாகக் கருதியது. புதிய சட்டம் பெரும்பாலும் அபராதத்தோடு நிற்கிறது. தாராளப் பணமனுப்புத் திட்டம் 2004 பிப்ரவரியில் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கி, 2015இல் 2,50,000 டாலரை எட்டியது.

எவ்வளவு எடுத்துச் செல்லலாம்?

மொத்த வரம்பு வேறு, ரொக்க வரம்பு வேறு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்குச் செல்பவர், ஒவ்வொரு பயணத்துக்கும் 3,000 டாலர் மதிப்புக்கு மட்டுமே நோட்டுகளாகப் பெறலாம். எஞ்சியதைப் பயண அட்டையாகவோ, வங்கி வழியாகவோ கொண்டு செல்ல வேண்டும். இந்திய நோட்டுகளைப் பொறுத்தவரை, நேபாளம், பூட்டான் தவிர்த்த நாடுகளுக்கு 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்லலாம்.

சென்று சேரும் நாட்டின் விதியும் உண்டு. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் சுங்க இலாகாவிடம் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் அறிவிக்கப்பட வேண்டும். கொண்டு செல்வது தவறன்று. அறிவிக்காமல் கொண்டு செல்வதே தவறு. இந்த வேறுபாட்டை அறியாமல் பணத்தை இழப்போர் உண்டு.

மாற்றுவதில் ஏற்படும் இழப்பு

செலாவணிக்கு இரண்டு விலைகள் உண்டு: வங்கி விற்கும் விலை, வங்கி வாங்கும் விலை. எடுத்துக்காட்டாக, விற்கும் விலை 91 ரூபாய், வாங்கும் விலை 89 ரூபாய் எனக் கொள்வோம். 3,000 டாலர் வாங்கியவர் 2,73,000 ரூபாய் செலுத்துகிறார். அதில் 1,000 டாலரைச் செலவிடாமல் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு 89,000 ரூபாயே கிடைக்கும். இழப்பு 2,000 ரூபாய். அவசரத்தில் அணுகும் விமான நிலையக் கவுண்டரில் அவ்விலைகள் 94, 86 என இருப்பின், அதே 1,000 டாலருக்கு இழப்பு 8,000 ரூபாய். எனவே, புறப்படுவதற்குச் சில நாள் முன்னதாகவே, அங்கீகாரம் பெற்ற இரண்டு மூன்று இடங்களில் கட்டணமும் சேர்த்து விசாரித்து, தேவையான அளவே வாங்குவது நன்று.

வெளிநாட்டுக் கடைகளில் அட்டையைக் கொடுக்கும்போது, ரூபாயில் கணக்கிடலாமா என்று கேட்பதுண்டு. அவ்வாறு கணக்கிடுகையில் மாற்று விகிதம் பொதுவாக நமக்குப் பாதகமாகவே அமையும். அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துவதாகக் கூறுதல் நலம்.

குடிபெயர்வோர் கவனத்துக்கு

வேலைக்காக வெளிநாடு செல்பவர், செலாவணிச் சட்டத்தின்படி, புறப்படும் நாள் முதற்கொண்டே வெளிநாடு வாழ்பவராகக் கருதப்படுகிறார். அவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தி வருதல் முறையன்று. வங்கிக்குத் தெரிவித்து, அதனை வெளிநாடு வாழ்வோரின் சாதாரண ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். வாடகை, ஓய்வூதியம் போன்ற உள்நாட்டு வருவாய் இக்கணக்கில் சேரும். இக்கணக்கின் இருப்பிலிருந்து, உரிய வரி செலுத்தியபின், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டில் ஈட்டியதை அனுப்புவதற்குத் தனிக் கணக்கு உள்ளது. அதிலுள்ள தொகையை எப்போது வேண்டுமானாலும் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம்.

திரும்பி வரும்போது

வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலருக்கு மேலோ, பயணக் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டு வருவோர், வந்திறங்கியதும் சுங்க அதிகாரியிடம் உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதற்குக் குறைவாயின் அறிவிப்புத் தேவையில்லை. செலவிடாத செலாவணியை, திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் வரையிலான நோட்டுகளை அடுத்த பயணத்துக்கென வைத்துக்கொள்ளலாம்.

குறுக்கு வழி

வங்கியைக் காட்டிலும் ஓரிரு ரூபாய் கூடுதலாகத் தருவதாக ஹவாலா தரகர்கள் ஆசை காட்டுவர். அங்கே ரசீது இல்லை. ஏமாற்றப்பட்டால் முறையிட இடமும் இல்லை. பின்னாளில் வீடு வாங்கும்போது பணம் வந்த வழியைக் காட்டவும் இயலாது. பிடிபட்டால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பாலைவன வெயிலில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்ததை ஓரிரு ரூபாய்க்காக இவ்வாறு பணயம் வைத்தல் தகாது.

எட்டு டாலர் காலத்தில் விதிகள் பயணியைத் தடுத்தன. இன்றைய விதிகள் அவ்வாறு தடுப்பவையல்ல. அவை பெரும்பாலும் கணக்கையும் ரசீதையுமே கேட்கின்றன. வங்கி தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு, எந்த நாட்டுச் சுங்கச் சாவடியிலும் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியும்.