சோற்றைக் குறைத்தீர்கள், சரி... கொழுப்பைக் கவனித்தீர்களா?

சில வருடங்களாகவே நம் வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் நுழைந்திருக்கிறது. காலையில் இட்லிப் பானை அடுப்பில் ஏறுவதில்லை. அதற்குப் பதில் நெய்யில் பொரித்த மூன்று முட்டை. பதினொரு மணிக்கு வெண்ணெய் போட்ட டீ! மதியம் சோறு கிடையாது. பனீர் அல்லது ஆட்டுக்கறி. 'பேலியோ' என்கிறார்கள், 'கீட்டோ' என்கிறார்கள், 'லோ கார்ப்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். மாவுச்சத்தைக் குறைப்பது, கொழுப்பைக் கூட்டுவது.

எடை குறைகிறது. சர்க்கரை இறங்குகிறது. பேன்ட் தொளதொளவென்று ஆகிறது. வீட்டில் சந்தோஷம்! மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், 'கொலஸ்டிரால் 246' என்று ரிப்போர்ட் வருகிறது.

பதறிப்போய் ஒரு சாரார் அன்றைக்கே பழையபடி மூன்று வேளையும் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "கொலஸ்டிரால் எல்லாம் சும்மா டாக்டர், அது ஒண்ணும் பண்ணாது" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. மாவுச்சத்தைக் குறைப்பதில் நன்மை உண்டு. ஆனால் அந்த இடத்தில் எந்தக் கொழுப்பை வைக்கிறோம் என்பதில்தான் இதயத்தின் நலம் இருக்கிறது.

புதுசு இல்லை!

மாவுச்சத்தைக் குறைக்கும் யோசனை நேற்று வந்ததல்ல. 1863-லேயே லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு உடம்பு இளைத்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். 1921-ல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காகக் 'கீட்டோ' உணவு முறை வந்தது. 1972-ல் டாக்டர் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. தமிழ்நாட்டில் 2010-க்குப் பிறகு முகநூல் குழுக்கள் மூலம் இது வீடு வீடாகப் பரவியது.

நமக்கு இது பொருந்தவும் செய்கிறது. ஏனென்றால் நம் சாப்பாட்டில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. எல்லாம் அரிசி! உடல் உழைப்போ குறைந்துவிட்டது.

கொழுப்பு எதிரியா?

எங்கள் சித்த மருத்துவத்தில் உடம்பை ஏழு உடற்கட்டுகளாகச் சொல்வோம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். கொழுப்பு அதில் நான்காவது. அது இல்லாமல் உடம்பே இல்லை. அளவு மிஞ்சினாலும் குறைந்தாலும்தான் தொல்லை.

நவீன மருத்துவம் சொல்வதும் இதைத்தான். ஹார்மோன், வைட்டமின் டி, பித்தநீர் எல்லாம் கொலஸ்டிராலில் இருந்துதான் தயாராகின்றன. அதில் பெரும்பகுதியை நம் உடம்பே உற்பத்தி செய்துகொள்கிறது. அதனால் சாப்பாட்டில் உள்ள கொலஸ்டிரால் அப்படியே ரத்தத்தில் ஏறிவிடுவதில்லை. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 190 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது. இருந்தும், தினம் ஒரு முட்டை பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்வதில்லை. 2015-ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 'நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் கூடாது' என்ற பழைய எண்ணை எடுத்துவிட்டது.

"அப்போ நெய், வெண்ணெய் எல்லாம் இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள்! அதே வழிகாட்டி, உறையும் கொழுப்புக்குப் போட்ட கட்டுப்பாட்டை எடுக்கவில்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று ஆசாமிகளைத் தனித்தனியாகக் கவனியுங்கள்.

ட்ரைகிளிசரைடு: மிஞ்சிய மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புவது இது. 150-க்குக் கீழே இருக்க வேண்டும். சோற்றையும் இனிப்பையும் குறைத்தால் முதலில் இறங்குவது இதுதான்.

எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் இருப்பது நல்லது. மாவுச்சத்தைக் குறைத்தால் இது பெரும்பாலும் கொஞ்சம் கூடும்.

எல்.டி.எல்.: ரத்தக் குழாய்ச் சுவரில் படிவது இது. 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 190-ஐத் தாண்டினால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். பரம்பரைக் காரணமும் இருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு 70-க்கும் கீழே கொண்டு வர வேண்டும்.

லோ கார்ப் உணவில் முதல் இரண்டும் சீராகி, மூன்றாவது சிலருக்கு ஏறிவிடும். எல்லோருக்கும் அல்ல. சிலருக்கு அசையாது, சிலருக்குக் குறையவும் செய்யும். ஆனால் ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், எல்.டி.எல். 200-ஐத் தாண்டுவதும் உண்டு.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். உணவை மாற்றுவதற்கு முன் ஒருவருக்கு மொத்தம் 210, ட்ரைகிளிசரைடு 280, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 120. மூன்று மாதம் நெய்யும் கறியுமாகச் சாப்பிட்ட பிறகு மொத்தம் 246, ட்ரைகிளிசரைடு 120, எச்.டி.எல். 44, எல்.டி.எல். 178. இது நல்லதா, கெட்டதா?

வீட்டிலேயே ஒரு கழித்தல் கணக்குப் போடலாம். மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். மீதி வருவது குழாயில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும். முன்பு 210-ல் 34 போக 176. இப்போது 246-ல் 44 போக 202. இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆக, எடை குறைந்தும், சர்க்கரை குறைந்தும், குழாய்க்கு ஆபத்து கூடியிருக்கிறது! 'சும்மா' என்று சொல்லி பீரோவில் வைக்கிற ரிப்போர்ட் அல்ல இது.

ஏன் ஏறுகிறது?

கல்லீரல் தன் வாசலில் வைத்திருக்கும் 'கொக்கி'கள் மூலம்தான் எல்.டி.எல்.லை ரத்தத்தில் இருந்து இழுத்துக்கொள்கிறது. உறையும் கொழுப்பு அதிகமானால் இந்தக் கொக்கிகள் குறைந்துவிடுகின்றன. எல்.டி.எல். வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

உறையும் கொழுப்பு எது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. மார்கழி மாதத்தில் அலமாரியைத் திறந்து பாருங்கள். நெய் உறைந்திருக்கும், தேங்காய் எண்ணெய் கட்டியாகி இருக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உறைவதில்லை.

கணக்காகச் சொன்னால், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 12 கிராம் உறையும் கொழுப்பு. நெய்யில் 8 முதல் 9 கிராம். நல்லெண்ணெயில் சுமார் 2 கிராம்தான். நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு உறையும் கொழுப்பு 20 கிராமுக்குள் இருப்பது நல்லது. டீயில் ஒரு கரண்டி வெண்ணெய், ஆம்லெட்டுக்கு இரண்டு கரண்டி நெய் என்று ஆரம்பித்தால், காலை பதினொரு மணிக்கே அன்றைய கணக்கு முடிந்துவிடும்!

"தேங்காயே ஆகாதா?" என்று சகோதரிகள் கேட்பார்கள். பொரியலுக்கு ஒரு கைப்பிடி துருவல் போடுவதில் தப்பில்லை. எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதுதான் வேண்டாம்.

நார்ச்சத்தை மறக்காதீர்கள்

சோற்றோடு சேர்த்துப் பருப்பு, பயறு, காய் எல்லாவற்றையும் குறைத்துவிடுகிறார்கள் பலர். பெரிய நஷ்டம் இங்கேதான். வெண்டைக்காய், அவரை, வெந்தயம், கொண்டைக்கடலை இவற்றில் உள்ள வழுவழுப்பான நார்ச்சத்து, குடலில் பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளுகிறது. புதிதாகப் பித்தநீர் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். இறங்குகிறது.

வீட்டுச் சமையலில் என்ன செய்யலாம்?

சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பயறு, மீன், முட்டை அல்லது கோழி. மீதி கால் பங்குக்குள் சோறு. இப்படி மாற்றினாலே மாவுச்சத்து நன்றாகக் குறைந்துவிடும்.

காலை: பாசிப்பயறு அடை இரண்டு, அல்லது வெங்காயம், கீரை போட்டு நல்லெண்ணெயில் செய்த ஆம்லெட்.

மதியம்: ஒரு சின்னக் கிண்ணம் சோறு, இரண்டு வகைக் காய், மீன் குழம்பு அல்லது கொண்டைக்கடலைக் குழம்பு, மோர். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மலிவான மீன்களில்தான் நல்ல கொழுப்பு அதிகம். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

மாலை: ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை அல்லது பத்துப் பாதாம்.

இரவு: சுண்டல், காய்கறி சூப், கொஞ்சம் தயிர்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய், பருப்புக்கு ஒரு டீஸ்பூன் போதும். வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

பரிசோதனை எப்போது?

உணவை மாற்றுவதற்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை. இரண்டும் ஒரே பரிசோதனைக் கூடத்தில், 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு. எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும்போது கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். எல்.டி.எல். ஏறியிருந்தால் முதலில் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள கறியைக் குறைத்து, அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை, மீன், பயறு வையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மருந்து வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"உங்க சித்த மருத்துவத்துல கொழுப்பைக் கரைக்க ஏதாவது கஷாயம் குடுங்க, அந்த மாத்திரையை நிறுத்திடறேன்" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. வெந்தயம், பூண்டு, மருதம்பட்டை எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஊறவைத்த வெந்தயமும் சமையலில் பூண்டும் ஓரளவு துணை செய்யும். ஆனால் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் சாப்பிடும் ஸ்டேட்டின் மாத்திரைக்கு இவை ஈடாகாது. எடை குறைந்த உற்சாகத்தில் தானாக மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பூண்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ரத்தக்கசிவு ஏற்படலாம்.

இன்சுலின், கிளிமிபிரைடு எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீட்டோ உணவில் இறங்கினால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் உள்ளவர்கள் கொழுப்பைக் கூட்டினால் கணையம் வீங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள் யாரும் கடுமையான லோ கார்ப் உணவைத் தாமாக ஆரம்பிக்கக் கூடாது.

வீட்டில் யாராவது இந்த உணவு முறையில் இருந்தால், இந்த வாரமே அந்த ரிப்போர்ட்டை பீரோவில் இருந்து எடுங்கள். மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். 130-க்கு மேல் வந்தால் அடுத்த மாத மளிகைச் சீட்டில் நெய்யைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.