காயப்பட்டவரின் வேலை அனுமதி: லண்டனில் ஓர் இளம் சொலிசிட்டருக்கு



தமிழ் பேசுகிற சொலிசிட்டர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார் என்ற செய்தி ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹரோ வரை போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. அசைலம் அடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் உங்கள் அலுவலகப் படியேறுவார்கள். கேஸ் எங்கே நிற்கிறது என்பதைவிட முதலில் அவர்கள் வாயில் வருவது வேறொரு கேள்வி: “மிஸ், என்னை வேலை செய்ய விடுவினமோ?” அவர்களில் பலரின் உடம்பில் காயத் தழும்பு இருக்கும். கையில் வேலை அனுமதியை மறுத்து ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) எழுதிய கடிதமும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் உங்கள் வேலை.

அந்த மறுப்பு நிற்பது குடிவரவு விதிகளின் 360ஆம் பத்தியில். அசைலம் கேட்டு 12 மாதம் கடந்திருக்க வேண்டும். தாமதம் கேட்டவரால் வந்ததாக இருக்கக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள தொழில்கள் மட்டுமே. 2002 ஜூலை வரை ஆறு மாதம் காத்திருந்தவர் வேலை கேட்கலாம் என்ற சலுகை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஒரு வருட விதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரையோடு 2005 பெப்ரவரியில் வந்தது. முதல் விண்ணப்பம் தோற்று மறுபடி விண்ணப்பித்தவருக்கும் அந்த உரிமை உண்டு என்று 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, செப்டம்பரில் ஆட்பற்றாக்குறைத் தொழில் பட்டியல் என்ற வேலியைப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் பட்டியலின் பெயர் குடிவரவுச் சம்பளப் பட்டியல் என்று மாறியது. இந்தப் பட்டியல் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று நடப்பில் உள்ளது எது என்று அன்றைக்கே பாருங்கள்.

2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தவை எவை? முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டும் பராமரிப்புப் பணி, செங்கல் கட்டுவது, கூரை வேய்வது. பாலே நடனக் கலைஞருக்கும் இடம் இருந்தது. கடைக் கல்லாவில் நிற்பதற்கோ சமையலறையில் காய்கறி வெட்டுவதற்கோ இல்லை. தோளும் முதுகும் பழுதில்லாதவனுக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஒரு மேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புக்காவலில் கைகளைக் கட்டித் தொங்கவிட்டதில் தோள் மூட்டு போய்விட்டது. அவர் தொழில் 2024 பட்டியலில் இருந்தது. அனுமதி வந்தால் அந்த வேலைக்குப் போகலாம் என்றுதான் காகிதம் சொல்லும். ஆனால் அவரால் ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பட்டியலுக்குள் மட்டும் என்று வருகிற அனுமதிக் கடிதம் அவரைப் பொறுத்தவரை மறுப்புக் கடிதம்தான். அதையும் எதிர்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

தாமதம் பற்றிய நிபந்தனையில்தான் காயப்பட்டவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சித்திரவதைத் தழும்புகளை ஆராய்ந்து மருத்துவர் அறிக்கை எழுத மாதக்கணக்கில் ஆகும். அறிக்கை வரும்வரை நேர்காணலைத் தள்ளிவைக்கச் சொல்லி முந்தைய சொலிசிட்டர் கேட்டிருப்பார். சத்திரசிகிச்சைக்காக ஒரு நேர்காணல் தவறியிருக்கும். பிறகு வேலை அனுமதி கேட்கும்போது அத்தனையும் அவர் கணக்கில் ஏறிவிடும். ஆகவே முதலில் ஒரு தேதிக் கோவை தயாரியுங்கள். ஹோம் ஒபிஸ் எத்தனை மாதம் கடிதம் போடாமல் இருந்தது, மருத்துவமனைச் சந்திப்பு எந்த நாள், தள்ளிவைக்கக் கேட்டது எந்த நாள், அதற்கு அவர்கள் சம்மதித்தார்களா, எல்லாம் அதில் வரட்டும். வாதத்தைவிட இந்தக் கோவைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மருத்துவ அறிக்கை என்றதும் கே.வி. வழக்கைப் படிக்காமல் விடாதீர்கள். 2011இல் பிரிட்டனுக்கு வந்த இலங்கைத் தமிழர் அவர். சூடான உலோகக் கம்பியால் சுட்ட தழும்புகள் முதுகிலும் கையிலும் இருந்தன. அசைலம் பெறுவதற்காக வேறு ஆளைக்கொண்டு தானே சுடவைத்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அவருக்கு எதிராகப் போனது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. பொய்க்காகத் தன்னைச் சுடவைத்துக்கொள்பவர் மிக அரிதாகவே இருப்பார் என்பதையும், தழும்பு சொல்லப்பட்ட காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துச் சொல்ல மருத்துவருக்கு இடமுண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பில் பார்க்கலாம். 1999இன் இஸ்தான்புல் நெறிமுறை இந்தப் பொருத்தத்துக்குப் படிநிலைகளே வகுத்திருக்கிறது.

ஆனால் இப்படிப்பட்ட மருத்துவ அறிக்கை எழுதப்படுவது அசைலத்துக்காக. காயம் எப்படி வந்தது என்பது அதில் இருக்கும்; இன்று அந்த ஆளால் என்ன முடியும் என்பது பெரும்பாலும் இருக்காது. தனியாக ஒரு பத்தி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், சும்மா இருப்பது அவர் மனதை என்ன செய்கிறது, அளவான வேலை குணமாவதற்கு உதவுமா? “நோயாளிக்கு வேலை தேவை” என்று ஒற்றை வரியில் வரும் ஜி.பி. கடிதத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை.

மருத்துவக் காகிதங்களை இணைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே வாசியுங்கள். ‘வேலைத்தளத்தில் விழுந்து அடிபட்டது’ என்று அவசரப் பிரிவில் யாராவது குறித்திருப்பார்கள். அனுமதியில்லாமல் வேலை செய்வதை 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் எதையும் அனுப்பாதீர்கள். ஆளை உட்காரவைத்து, அதன் விளைவுகளை விளக்கி, எழுத்தில் ஆலோசனை கொடுத்த பிறகுதான் அடுத்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பதிவே போய்விடும்.

பட்டியலே செல்லாது என்று நேருக்கு நேர் மோத இளவயதில் ஆசை வரும். 2013இல் ஓர் ஈரானியரின் வழக்கு அந்த வழியில் போய் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. வென்றது வேறு வழி. ஆட்கடத்தலுக்கு ஆளான ஒரு கொசோவோ நாட்டவரின் வழக்கில் 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு முடிவுக்கு வந்தது: விதிக்கு வெளியேயும் அனுமதி கொடுக்கும் விருப்புரிமை உள்துறை அமைச்சருக்கு உண்டு, அதைத் தன் அதிகாரிகளுக்குச் சொல்லாத வழிகாட்டி சட்டத்துக்குப் புறம்பானது. அடுத்த வருடம் மேல் தீர்ப்பாயமும் சி6 என்ற வழக்கில் இதே குறையைச் சுட்டியது. ஆகவே விண்ணப்பத்திலேயே விருப்புரிமையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பட்டியல் ஏன் இந்த உடம்புக்குப் பொருந்தாது என்பதைக் காட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களின் நலனையும் தனியே எழுதுங்கள். கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லாமல் மறுத்தால், அந்த மௌனத்தையே வழக்குக்குக் காரணமாக்கலாம்.

அயர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே எட்டு வருடம் அரசு தங்குமிடத்தில் இருந்த ஒரு பர்மியரின் வழக்கில், வேலைக்கு முழுத்தடை அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. பிரிட்டனில் அப்படி எழுதிவைத்த அரசியலமைப்பு இல்லாததால் அதைக் காட்டி வெல்ல முடியாது. படித்து வைத்திருப்பதில் நட்டமில்லை.

வேலை கிடைக்கும்வரை அந்த மனிதர் எதில் வாழ்கிறார் என்பதும் மனதில் இருக்கட்டும். 2024இல் அசைலம் உதவிப்பணம் வாரத்துக்கு 49.18 பவுண், சாப்பாடு தரும் ஹொட்டேலில் இருந்தால் 8.86 பவுண். இதில் பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. தொலைபேசியில் முடிகிறதைத் தொலைபேசியில் முடியுங்கள். பதிவுபெற்ற அறநிறுவனத்தில் சம்பளமில்லாத தொண்டு செய்யத் தடையில்லை என்பதையும் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.

வேலை அனுமதி மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மறுபரிசீலனை கேட்கலாம், பிறகு வழக்குக்கு முந்தைய கடிதம், பதிலுக்கு வழக்கமாக 14 நாள், அதன்பின் நீதிமுறை மறுஆய்வு. ஒழுங்காக எழுதிய முந்தைய கடிதத்துக்கே ஹோம் ஒபிஸ் முடிவைத் திரும்பப் பெற்றுப் புதிதாகப் பார்க்கச் சம்மதிப்பதுண்டு. மறுபரிசீலனைப் பதிலுக்குக் காத்திருந்தாலும் காலக்கெடு நிற்காது. தாமதமின்றித் தாக்கல் செய்ய வேண்டும், எப்படியும் மூன்று மாதத்துக்குள். ஹொட்டேல் மாற்றப்பட்டவரின் கடிதம் பழைய விலாசத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் அவர் கடிதத்தோடு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள்.