ஆறாத பூஞ்சைப் புண்ணும் உயரழுத்த ஆக்சிஜனும்

மியூகோர்மைகோசிஸ் எனப்படும் கருப்புப் பூஞ்சை நோய், 2021ஆம் ஆண்டு கொரோனாவைத் தொடர்ந்து நம் நாட்டில் பலரும் அறிந்த பெயராயிற்று. கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர்களையும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும் இது பெரிதும் தாக்குகிறது. விபத்தில் மண் படிந்த காயங்களிலும் தீப்புண்களிலும்கூட இது வேரூன்றக்கூடும்.

இப்பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பை உண்டாக்குகிறது. குருதி செல்லாத திசு கருகி இறக்கிறது. மருந்தும் அவ்விடத்தை அடைவதில்லை. ஆகவே, இறந்த திசுவை அறுத்து அகற்றுதல், ஆம்போடெரிசின் மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுமே முதன்மைச் சிகிச்சை.

உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை இவற்றுக்குத் துணை மட்டுமே. மூடிய அறையில், இயல்பான காற்றழுத்தத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்கள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது, அது இரத்த நீர்மத்திலேயே மிகுதியாகக் கரைந்து, குருதியோட்டம் குன்றிய புண்ணின் விளிம்புக்கும் எட்டுகிறது. வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்கவும் புதிய நுண்குழாய்கள் அரும்பவும் இது துணைபுரியும். எனினும், இறந்த திசுவை உயிர்ப்பிக்காது. பூஞ்சை நோயில் இதன் பயனுக்கான சான்றுகளும் இன்னும் குறைவே.

தீ விபத்தைத் தவிர்க்க, தலையில் எண்ணெய், செயற்கை இழை ஆடை, கைப்பேசி ஆகியவற்றுடன் அறைக்குள் செல்லலாகாது. சளி, காதடைப்பு, நுரையீரல் நோய் இருப்பின் முன்னரே கூறுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அறைக்குள் சர்க்கரை தாழக்கூடும். உணவைத் தவிர்க்க வேண்டா.

“முதலில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அறுவை செய்யலாமா?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சைக்கே ஆதாயம்.